என் பீன்ஸ் பானையை எடுத்துக்கொண்டவன்

செப்டம்பர் 11, திங்கள்

இன்று மோலே குழம்பு அமர்க்களம். அறுபத்திரண்டு தட்டு போனது. கடைசியாக வந்த டாக்ஸிக்காரர்கள் இரண்டு பேருக்குச் சட்டியை வழித்துத்தான் ஊற்றினேன். தோர்த்தியா ரொட்டியால் அவர்கள் தட்டைத் துடைத்த துடைப்பில், கழுவாமலே அடுக்கியிருக்கலாம். இந்தத் தெருவில் இருபத்தாறு வருடமாகச் சாப்பாட்டுக்கடை நடத்துகிறேன். என் கையால் போட்டதை வேண்டாம் என்று ஒருவரும் எழுந்து போனதில்லை.

ஒருவனைத் தவிர.

கமோத்தே. மகள் யாத்சிரி வளர்க்கும் பாம்பு. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சின்ன ஜாதி மலைப்பாம்பு. நம் ஊர் சர்க்கரைவள்ளி மிட்டாயின் நிறம், அதனால் அதன் பெயரையே வைத்தாள். நர்ஸ் படிப்பு முடிந்து, ஒரு வருடக் கட்டாய சேவைக்காக ஆகஸ்டு முதல் தேதி மலைக்கிராமத்துக்குப் போனவள், என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது இவ்வளவு: பாம்பு, இடுக்கி, ஒரு தராசு, பின்கட்டு ஐஸ் பெட்டியில் ஒரு டஜன் உறைந்த எலி. "ரெண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு எலி. அவ்வளவுதாம்மா. உன் கஸ்டமருங்களுக்குப் போடறத விட இது சுலபம்."

ஆறு வாரம் ஆகிறது. ஒரு எலிகூட உள்ளே போகவில்லை.

செப்டம்பர் 15

நாளை எங்கள் நாட்டுச் சுதந்திர தினம், ஊரே விருந்தில் இருக்கிறது. கமோத்தே எலியைத் தாண்டிப் போய்ப் படுத்துக்கொண்டான். தாண்டிப் போனான்! தெருவில் கிடக்கிற குப்பையைத் தாண்டுகிற மாதிரி.

செப்டம்பர் 24

யாத்சிரி பேசினாள். அந்த மலையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் தேவாலயத்துப் படிக்கட்டில் நின்றால்தான் போன் எடுக்குமாம். இரண்டு பிரசவம் பார்த்தாளாம். குரல் களைத்திருந்தது.

"கமோத்தே சாப்பிட்டானாம்மா?"

"சாப்பிட்டான்."

ஏன் அப்படிச் சொன்னேன்? அவள் அங்கே இருந்துகொண்டு கவலைப்பட வேண்டாம் என்றா? இல்லை, எனக்கு வெட்கமாக இருந்ததா? இரண்டாவதுதான். இது நான் மட்டும் படிக்கிற நோட்டு, இங்கே பொய் வேண்டாம்.

அக்டோபர் 8, ஞாயிறு

சந்தைக்குப் போனேன். உறைந்த எலி விற்கிற நபோர், தானும் நாற்பது பாம்பு வளர்க்கிறவன், வாய் மட்டும் நானூறு பாம்புக்கு உண்டு. விஷயத்தை அவனிடம் சொன்னது என் புத்திகெட்ட நேரம்.

"என்ன தென்ச்சாக்கா, ஊருக்கே சோறு போடற கை! உங்க வீட்டுப் பாம்பு பட்டினியா?" பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னான். "எங்கிட்டக் குடுத்துருங்க. ஒரே வாரம். வாயத் தொறந்து ரெண்டு விரலால தள்ளிவிட்டா, அவன் என்ன, அவன் தாத்தாவே முழுங்குவான்."

"ஒன் வாயில நாலு விரல விட்டுத் தள்றேன், முழுங்கறியா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் ஆத்திரம். அவன் சொன்னதற்காக இல்லை, அவன் சொன்னதில் பட்டினி என்ற சொல் உண்மை என்பதற்காக.

நவம்பர் 2

இறந்தவர்களுக்குப் படையல் வைத்தோம். மாமனாருக்கு மோலே, என் அப்பாவுக்குச் சாக்லேட் பானமும் ரொட்டியும். கிண்ணத்தில் சாக்லேட் ஒரு விரற்கடை குறைந்திருந்தது என்று என் வீட்டுக்காரர் எவாரிஸ்தோ அடித்துச் சொல்கிறார். இருக்கட்டும். செத்தவர்களே வந்து ருசி பார்க்கிற வீட்டில், உயிரோடு இருக்கிற இவன் மூன்று மாதமாகத் தண்ணீர் மட்டும் குடிக்கிறான்.

நவம்பர் 20

கால்நடை டாக்டர் பிரிசெய்தாவிடம் தூக்கிக்கொண்டு போனேன். சின்ன வயசுதான், ஆனால் பொறுமையாகக் கேட்கிறார். யாத்சிரி விட்டுப்போன அன்று 1,420 கிராம். இன்று 1,310. வாயைப் பார்த்தார், மூச்சைக் கேட்டார். நோய் ஒன்றும் இல்லை.

"எப்படிக் கொடுக்கறீங்க?"

"ஐஸ் விட்டதும் எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்ச்சுக் கழுவி..."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எதைக் கழுவி?"

"எலியத்தான். கோழிய எப்படிக் கழுவுவோம்? கவிச்சி போக வேணாமா?"

அவர் சிரிப்பை அடக்கத்தான் பார்த்தார், பாவம், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அம்மா, அவன் மோந்து பார்த்துத்தான் சாப்பாடுன்னு தெரிஞ்சுக்குவான். நீங்க அத எலுமிச்சம்பழமா ஆக்கிக் குடுத்திருக்கீங்க."

நான்கு மாதம். நான்கு மாதமாக நான் அவனுக்கு வாசனையைக் கழுவிவிட்டு வெறும் சதையை நீட்டியிருக்கிறேன். அடி முட்டாளே, அடி தென்ச்சா!

இன்னொன்றும் சொன்னார். எடை 1,150க்குக் கீழே போனால் காத்திருக்கக்கூடாது, குழாய் போட்டு வயிற்றுக்குள் ஆகாரம் செலுத்த வேண்டும். சிலது அதற்குப் பிறகு தானாகச் சாப்பிடவே மறந்துவிடுமாம்.

டிசம்பர் 1

எலுமிச்சை இல்லை, உப்பு இல்லை. வெந்நீரில் பையோடு வைத்து ஐஸ் விட்டு, முடி காயவைக்கிற மெஷினால் எலியின் தலையைச் சூடு பண்ணி நீட்டினேன். பின்கட்டு முழுக்க நாற்றம். கமோத்தே நாக்கை நீட்டினான். மறுபடி நீட்டினான். ஒரு முழ தூரம் பின்னாலேயே வந்து எலியின் மூக்கைத் தொட்டான்!

பிறகு திரும்பிப் போய்விட்டான். போகட்டும். வந்தான் இல்லையா? அன்று தாண்டிப் போனவன் இன்று மோந்து பார்த்தான். கடையில் சொன்னேன், டாக்ஸிக்காரர்கள் தட்டைத் தட்டிக் கைதட்டினார்கள்.

டிசம்பர் 15

சண்டை.

கமோத்தே யாத்சிரியிடம் இருந்தவரை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில்தான் இருந்தான். அதிலேதான் சாப்பிட்டான். அவள் கிளம்பிய பிறகு, மகளுக்கு ஆச்சரியம் தருகிறேன் என்று எவாரிஸ்தோ ஒரு அரண்மனை கட்டினார். கட்டில் நீளம். தேவதாரு மரம், மூன்று பக்கம் கண்ணாடி, கிளை, விளக்கு. மனுஷர் தச்சு வேலையில் மன்னர், மறுக்க முடியாது. கடைக்கு வருகிற அத்தனை பேரையும் பின்கட்டுக்கு அழைத்துப் போய்க் காட்டுவார். எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று குகையைக்கூட இரண்டு பக்கமும் திறந்த மாதிரி செய்திருக்கிறார்.

இன்று மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். "கிழவா, இது அவனுக்கு ரொம்பப் பெரிசோ? ஒளிஞ்சுக்க இடமே இல்லையே."

"ஒளிஞ்சுக்க அவன் என்ன திருடனா?"

"பழைய பெட்டியில கொஞ்ச நாள் விட்டுப் பாக்கலாம்."

"பழைய பெட்டிய ஆகஸ்டுலயே ஒடச்சுக் குப்பையில போட்டாச்சு." அப்புறம் குரல் உடைந்துவிட்டது. "விரல்ல சிராய் ஏற ஏற எழச்சேன்டி. பாம்பு சாப்பிடலன்னா அதுக்கும் நாந்தான் காரணமா?"

அந்த முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். புதுப் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. கண்ணாடிமேல் செய்தித்தாளை மட்டும் ஒட்டினேன். மூன்று நாளைக்குப் பேச மாட்டார், தெரியும்.

டிசம்பர் 24

யாத்சிரிக்கு லீவு கிடைக்கவில்லை. போனில் வாழ்த்துச் சொல்லிவிட்டு வழக்கம்போலக் கேட்டாள்.

"கமோத்தே சாப்பிட்டானா?"

இன்றைக்குமா பொய் சொல்வது? "இல்லடி. நீ போனதுலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடல. நான் பொய் சொன்னேன்."

"தெரியும்மா," என்றாள். "யார் எப்படி மென்னாங்க, யார் சப்புக்கொட்டுனாங்கன்னு அர மணி நேரம் சொல்ற ஆளு நீ. அவன் எப்படிச் சாப்பிட்டான்னு ஒரு தடவகூடச் சொல்லல."

அழுதுவிட்டேன். அவள்தான் சமாதானம் சொன்னாள். "எங்கிட்டயும் ஒரு தடவ மூணு மாசம் அடம் பிடிச்சான். ஒண்ணு மட்டும் கேளு. அவன் வாயில யாரும் எதையும் திணிக்க விடாத. நீ என் தலமேல நின்னுக்கிட்டு முழுங்கு முழுங்குன்னு சொல்லுவல்ல, அந்த மாதிரி அவங்கிட்டப் பண்ணாத."

அப்படியா செய்தேன்? சின்ன வயதில் அவள் சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுந்து ஓடுவாள். நான் தட்டோடு பின்னாலேயே ஓடுவேன். அதைப் பாசம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜனவரி 6

கடையில் மூன்று ராஜாக்கள் திருநாள் ரொட்டி வெட்டினோம். உள்ளே ஒளித்த பொம்மை யார் துண்டில் வருகிறதோ அவர்தான் விருந்து வைக்க வேண்டும், அது என் துண்டில் இருந்தது. டாக்ஸிக்காரர்கள் ஏதோ தில்லுமுல்லு செய்திருக்கிறார்கள். எப்படியோ, பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லோருக்கும் தமால், ஆவியில் வேகும் சோளமாவுப் பொட்டலம், என் செலவு.

ஜனவரி 12

1,195.

நபோர் கடைக்கே வந்துவிட்டான். கையில் மெல்லிய குச்சி ஒன்று. "பாவம்க்கா, சாவ விடாதீங்க. ரெண்டு நிமிஷ வேல."

"என் வீட்டுல யார் வாயிலயும் யாரும் எதையும் திணிக்க மாட்டாங்க. ஒக்காந்து சூப் குடி, இல்ல கெளம்பு."

சூப் குடித்துவிட்டுத்தான் போனான். ஆனால் போகும்போது சொன்னது மனசில் நிற்கிறது. "பிடிவாதம் யாருக்கு, பாம்புக்கா ஒங்களுக்கா?"

ஜனவரி 30

1,160. இன்னும் பத்து கிராம். டாக்டர் செவ்வாய்க்கிழமைக்கு, ஆறாம் தேதிக்கு, நேரம் கொடுத்துவிட்டார். குழாய். கையில் எடுத்தால் முதுகெலும்பு தட்டுப்படுகிறது. மன்னிச்சிருடா. எனக்கு வேற வழி தெரியலடா.

பிப்ரவரி 2, வெள்ளி

எங்கே ஆரம்பிப்பது? எழுத்து கோணலாகப் போனால் போகட்டும்.

காலை நாலு மணியிலிருந்து தமால். முந்நூறு. பெரிய ஆவிப்பானைகள் இரண்டும் அடுப்பில் இருந்தன, அடியில் போட்ட காசு கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. தண்ணீர் இருக்கும்வரை காசு ஆடும், நின்றால் ஊற்ற வேண்டும். இன்று பீன்ஸ் வைக்கவில்லை. அதனால் என் பீன்ஸ் பானையைத் தேய்த்துப் பின்முற்றத்தில் வெயிலில் கவிழ்த்திருந்தேன். இருபத்திரண்டு வருட மண்பானை, வெளியே கரி, உள்ளே பளபளப்பு, வாய் குறுகல்.

எலி கொடுக்கிற வெள்ளிக்கிழமை. கடைசி முயற்சி என்று எலியை வெந்நீரில் போட்டுவிட்டு அரண்மனையைத் திறந்தால், ராத்திரி தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்திருக்கிறான், அடியெல்லாம் ஈரம். சுத்தம் பண்ண வேண்டும். அவனைப் போட்டு வைக்கிற தலையணை உறை கொடியில் காய்கிறது. கைக்கு அகப்பட்டது பானைதான். வெயிலில் இதமாகச் சுட்டிருந்தது. அவனை உள்ளே விட்டு, ஆட்கள் கால் படாமல் இருக்கட்டும் என்று சுவரோரமாகப் படுக்க வைத்தேன், வாய் சுவரைப் பார்க்கிற மாதிரி. அரைமணி நேரம் மறந்தே போனேன்.

திரும்பி வந்து எட்டிப் பார்க்கிறேன். ஆறு மாதத்தில் இப்படி ஒரு கமோத்தேயை நான் பார்த்ததில்லை. முதுகு நாலு பக்கமும் மண்ணில் பட, பானையை நிறைத்துக்கொண்டு சுருண்டிருக்கிறான். தலை மட்டும் வாசலில். கழுத்து வளைந்து பின்னால் இழுத்திருக்கிறது. நாக்கு மெதுவாக, மெதுவாக.

ஓடினேன். எலியின் தலையைச் சூடு பண்ணினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டிலிருந்து, என் முகம் தெரியாமல், இடுக்கியை மட்டும் சுவருக்கும் பானைக்கும் நடுவில் நீட்டினேன்.

டொம்!

இடுக்கி என் கையில் இல்லை! பானை உருண்டது! காலை முட்டுக் கொடுத்து நிறுத்தினேன். உள்ளே சரசரவென்று சுற்றுகிற சத்தம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டேன், கத்திவிடுவேன் என்று பயம். அடுக்களையில் காசு ஆடுகிற சத்தம் நின்றுவிட்டது. அது தெரிகிறது. பானையிலிருந்து காலை எடுக்கவில்லை.

"அடியே, தண்ணி வத்திருச்சு!" என்று கத்திக்கொண்டே வந்த எவாரிஸ்தோ என்னைப் பார்த்து நின்றார். நான் விரலால் பானையைக் காட்டினேன். மனுஷர் மண்டியிட்டு எட்டிப் பார்த்தார். வால் பக்கமிருந்து விழுங்கிக்கொண்டிருந்தான். தலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம், இவன் அதையும் தலைகீழாகத்தான் செய்வான். எப்படியாவது விழுங்கட்டும்!

கடைக்குள் போய்ச் சொன்னேன். ஒரே ஒரு வார்த்தை. "சாப்பிட்டான்."

அந்த ஆரவாரத்தை எப்படி எழுதுவது? டாக்ஸிக்காரர்கள் வெளியே ஓடி, நிறுத்தியிருந்த அத்தனை வண்டியின் ஹார்னையும் அடித்தார்கள். எதிர் மருந்துக்கடைக்காரர் என்ன கல்யாணம் என்று கேட்டு வந்தார், அவருக்கும் இரண்டு தமால். ஒரு பானைத் தமால் அடிப்பிடித்துப் போனது. ஒருவர்கூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நானும்தான் நாலு சாப்பிட்டேன், எல்லாம் தீய்ந்த வாசனை, எல்லாம் தேன்.

பிப்ரவரி 4

யாத்சிரி படிக்கட்டிலிருந்து பேசினாள். நான் இருபது நிமிடம் சொன்னேன், எந்தப் பக்கம் பானை உருண்டது, எப்போது வால் உள்ளே போனது, எல்லாம். கடைசியில், "இப்ப நம்பறேன்," என்றாள். டாக்டருக்குப் போன் பண்ணிச் செவ்வாய்க்கிழமை வேண்டாம் என்று சொன்னேன். அவரும் கூவினார்.

பிப்ரவரி 16

பழைய பானையை மீட்டுக்கொள்ளலாம் என்று சந்தையில் அதே அளவில் புதுப் பானை வாங்கி வந்தேன். துரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பழையதை வைத்தேன், வாய் அறையைப் பார்த்த மாதிரி. வெளியே வந்து படுத்துக்கொண்டான். சுவரைப் பார்த்துத் திருப்பினேன். டொம்.

அப்படியானால் சட்டம் இதுதான்: என் பானை, சுவர்ப் பக்கம், யாரும் கண்ணில் படக்கூடாது. சரி ராசா, எடுத்துக்கோ. புதுப் பானையில் வைத்த பீன்ஸில் மண் வாசனை என்று கடையில் முணுமுணுக்கிறார்கள். பழகிக்கொள்வார்கள்.

மார்ச் 3

காலையில் பின்கட்டில் ரம்பச் சத்தம். போய்ப் பார்த்தால் எவாரிஸ்தோ தன் அரண்மனையை அறுத்துக்கொண்டிருக்கிறார்! மூன்று கண்ணாடியில் இரண்டைக் கழற்றிப் பலகை அடித்துவிட்டார். திறந்த குகையைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் பானை உருளாமல் படுக்க ஒரு மரத் தொட்டில், வாய் பின்சுவரைப் பார்த்தபடி. தொட்டிலில் செதுக்கு வேலை வேறு, சின்னச் சின்ன இலை.

"யாருக்கும் தெரியாதே, கிழவா," என்றேன்.

"அவனுக்குத் தெரியுமில்ல," என்றார். எனக்கு அந்த மனுஷரை அங்கேயே கட்டிக்கொள்ளத் தோன்றியது. கட்டிக்கொண்டேன். மேலெல்லாம் மரத்தூள்.

ஏப்ரல் 12

1,345. ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவில்லை.

மே 19

சந்தையில் நபோர் எலிக்குப் பக்கத்தில் மண்பானை விற்கிறான்! "சாப்பிடாத பாம்புக்கு ஸ்பெஷல் பானை, நானே கண்டுபிடிச்சது" என்று யாரோ ஒரு கல்லூரிப் பெண்ணிடம் அளந்துகொண்டிருந்தான். நான் பின்னால் நிற்பது தெரியவில்லை.

"புதுப் பானைய வெச்சா சாப்பிடாதும்மா," என்றேன் அந்தப் பெண்ணிடம். "இருபது வருஷம் பீன்ஸ் வேக வெச்சிருக்கணும்."

நபோரின் காது செக்கச் சிவந்துவிட்டது. ஐந்து எலி கேட்டேன், ஆறு போட்டான். "நீங்க பெரிய ஆளுக்கா," என்றான், மெதுவாக, ஆனால் பக்கத்துக் கடைக்காரருக்குக் கேட்டது. எனக்கு அது போதும்.

ஜூலை 31

யாத்சிரி வந்துவிட்டாள்.

பஸ் நிலையத்தில் அடையாளமே தெரியவில்லை. கன்னம் ஒட்டி, சட்டை தோளில் தொங்குகிறது. மலையில் சமைக்க நேரமில்லையாம், கடைசி மாதங்களில் டீயும் பிஸ்கட்டும்தான். வந்ததும் நேராகக் கமோத்தேயிடம் போனாள். தராசில் வைத்தாள். 1,460. "அம்மா!" என்று கத்தினாள். அவனைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். நானும் எவாரிஸ்தோவும் பின்னாலேயே நடந்தோம்.

மதியம் மோலே வைத்திருந்தேன், அவளுக்கென்று நேற்றே அரைத்தது. "எனக்குப் பசியில்லம்மா," என்றாள். "இப்பல்லாம் வயித்துல நிக்க மாட்டேங்குது."

வாய் வரை வந்துவிட்டது. ஒரு வாய் தின்னுடி, எலும்பா நிக்கிறியே, எனக்காகத் தின்னுடி. எல்லாம் வரிசையாக வந்து பல்லில் முட்டிக்கொண்டு நின்றன. தட்டை மேஜையில் வைத்தேன். தோர்த்தியாவைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தேன். எவாரிஸ்தோவைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் கரண்டி தட்டில் படுகிற சத்தம். எவாரிஸ்தோ எட்டிப் பார்க்கப் போனார், சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அம்மா, மோலே இன்னும் இருக்கா?"

சட்டியோடு கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். மூன்று தட்டு சாப்பிட்டாள்.